சிவப்பு வலையில் ஏறிய கொடிகள்: தஞ்சோங் பகாரில் ஒரு கோபுரத் தோட்டம்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் சுரங்க ரயில் நிலையத்தின் படியேறி வெளியே வந்து பெக் சியா ஸ்திரீட் பக்கம் திரும்புகிறவர் கண்ணில் முதலில் படுவது நிறம்தான். சுற்றிலும் சாம்பலும் நீலமுமாகக் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவே குங்குமச் சிவப்பில் 27 மாடிக் கோபுரம் ஒன்று. இன்னும் நெருங்கினால் அந்தச் சிவப்பு சுவரல்ல, அலுமினிய வலை என்று தெரிகிறது. வலையின் கண்ணிகளைப் பற்றிக் கொடிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. சில இடங்களில் வலையே தெரியாத அளவுக்குப் பச்சை. சில இடங்களில் வெறும் சிவப்பு. 2016இல் கட்டி முடிக்கப்பட்ட ஒயேசியா ஹோட்டல் டவுன்டவுன் இது. கட்டியது ஃபார் ஈஸ்ட் ஆர்கனைசேஷன் நிறுவனம். வரைந்தது வோங் மன் சம், ரிச்சர்ட் ஹாசல் இருவரும் 1994இல் சிங்கப்பூரில் தொடங்கிய வோஹா என்ற கட்டடக்கலை நிறுவனம்.

மாடிக்கு மாடி மரம் வழியும் கட்டடப் படங்கள் இப்போது எங்கும் காணக்கிடைக்கின்றன. கணினியில் வரைந்த மரத்துக்குத் தண்ணீர் வேண்டாம், காற்று அடிக்காது, பூச்சி விழாது. அத்தகைய படங்களில் பெரும்பாலானவை படமாகவே நின்றுவிடுகின்றன. ஒயேசியா கட்டப்பட்டது, வளர்ந்தது, 2018இல் உயர்ந்த கட்டடங்களுக்கான பன்னாட்டு அமைப்பின் ‘உலகின் சிறந்த உயரக் கட்டடம்’ என்ற விருதையும் பெற்றது. விருது இருக்கட்டும். நெருக்கடியான வணிக வட்டாரத்தில் இவ்வளவு செடி எப்படி இடம்பிடித்தது என்பதை இந்த ஒரு கட்டடத்தைக் கொண்டே பிரித்துப் பார்க்க முடியும் என்பதுதான் இதை எடுத்துக்கொள்ளக் காரணம். கட்டடக் கலைஞரின் ரசனையால் வந்த தோட்டம் இது என்பது பாதி உண்மை. மீதிப் பாதி தளப்பரப்புக் கணக்கு.

நிலம் இல்லாத ஊர்

முதலில் இடத்தைப் பற்றி. தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அருகிலுள்ள டக்ஸ்டன் மேட்டில் ஜாதிக்காய்த் தோட்டம் இருந்தது. பிறகு கப்பல் வேலைக்கும் கடை வைப்பதற்கும் வந்தவர்கள் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த தமிழ் முஸ்லிம்கள் பலருக்கு இதுதான் முதல் முகவரி. கடையநல்லூர்க்காரர்கள் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியும் இந்த வட்டாரத்தில்தான் இருந்தது. இன்று அந்தக் குடியிருப்புகளின் இடத்தில் அலுவலகங்கள். எஞ்சிய பழைய கடைவீடுகள் சில தெருக்களில் பாதுகாக்கப்பட்டு நிற்கின்றன.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1955 முதல் 2015இல் மறையும்வரை, நாட்டின் முதல் பிரதமர் லீ குவான் யூ தஞ்சோங் பகாரின் மக்கள் பிரதிநிதி. 1963 ஜூன் மாதத்தில் ஃபாரர் சர்க்கஸ் என்ற சாலைச் சந்திப்பில் ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டு மரநடுகை இயக்கத்தைத் தொடங்கியவரும், 1967இல் ‘தோட்ட நகரம்’ என்ற திட்டத்தை அறிவித்தவரும் அவரே. அந்த முதல் கட்டத்தில் பசுமை என்றால் சாலையோர மரம். வெட்டவெளியாகக் கிடந்த சாலைகளுக்குச் சீக்கிரம் நிழல் வேண்டும் என்பதால் அங்சானா மரத்தைத் தேர்ந்தார்கள். நம் ஊர் வேங்கையின் நெருங்கிய உறவு அது. முருங்கையைப் போத்து நடுவதுபோலப் பெரிய கிளைகளை வெட்டி நட்டாலே துளிர்த்துவிடும். அதனோடு தூங்குமூஞ்சி மரம். குடைபோல விரிந்து சாலையின் இரு கரைகளையும் தொடும் அந்த மரங்களின் நிழலில்தான் சிங்கப்பூர் தன்னைத் தோட்ட நகரம் என்று சொல்லிக்கொள்ளத் துணிந்தது.

ஆனால் தூங்குமூஞ்சிக்கு விரிய இடம் வேண்டும். வணிக வட்டாரத்தில் மனையின் எல்லைவரை கட்டடம் எழும்புகிறது. அடியில் கார் நிறுத்தும் தளங்கள், சுரங்க ரயில், குழாய்கள். ஒயேசியாவின் மனை 2,311 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் பத்துக் கிரவுண்டுக்குச் சற்று அதிகம். அதன்மீது மனையைப்போல் 8.4 மடங்கு, ஏறத்தாழ 19,400 சதுர மீட்டர் தளப்பரப்பு கட்ட அனுமதி. தரையில் தோட்டம் போட எஞ்சுவது என்ன? வாசலில் நான்கு தொட்டி, ஓரத்தில் ஒரு புல் பாத்தி. பெரும்பாலான நகரங்கள் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன.

விதி வரைந்த தோட்டம்

சிங்கப்பூர் நிறுத்திக்கொள்ளாததற்குக் காரணம் ஒரு விதித்தொகுப்பு. 2009இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் லஷ் என்ற பெயரில் பல பசுமைச் சலுகைகளையும் கட்டாயங்களையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தது. 2014இலும் 2017இலும் அது விரிவாக்கப்பட்டது. அதன் இரண்டு கைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

ஒரு கை கேட்கிறது. மெரினா பே உள்ளிட்ட முக்கிய வட்டாரங்களில் கட்டடம் விழுங்கிய நிலத்துக்கு ஈடாகத் தோட்டப் பரப்பை அந்தக் கட்டடத்திலேயே திருப்பித் தர வேண்டும்: கூரையில், இடைமாடியில், எங்கேயானாலும் சரி. இன்னொரு கை கொடுக்கிறது. கட்டடத்தின் இடைமாடிகளில் பக்கம் திறந்து விட்டு எல்லோரும் பயன்படுத்தும் வான்மாடத் தோட்டங்களைத் தளப்பரப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதாவது, விற்கவோ வாடகைக்கு விடவோ உரிய பரப்பில் ஓர் அடிகூடக் குறையாமல் ஒரு மாடியையே தோட்டமாக்கலாம். நில விலை தெரிந்த எவருக்கும் இதன் கனம் புரியும். மரத்தின்மீது அன்பு வைக்கும்படி எந்த முதலாளியையும் யாரும் கெஞ்சவில்லை. மரத்துக்காக இழக்க வேண்டியதைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சலுகைக்குள் ஒரு வடிவியல் ஒளிந்திருக்கிறது. மாடத்துக்கு மேலே உள்ள தளத்தின் விளிம்பிலிருந்து 45 பாகையில் ஒரு சாய்கோடு கீழ்நோக்கி இழுக்கப்படுகிறது. வெளிச்சமும் காற்றும் உண்மையிலேயே எட்டும் பகுதி எது என்று பிரிக்கும் கோடு அது. 45 பாகை என்பதால் மாடத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு ஆழம்வரை சலுகை கிடைக்கும். மூன்று மீட்டர் உயர மாடத்தில் மூன்று மீட்டர் உள்ளே. பதினைந்து மீட்டர் உயர மாடத்தில் பதினைந்து மீட்டர் உள்ளே. சிங்கப்பூரின் வான்மாடத் தோட்டங்கள் ஏன் கோயில் மண்டபங்கள்போல ஓங்கி நிற்கின்றன என்று வியப்பவர்கள் இந்தக் கோட்டையும் நினைத்துக்கொள்ளலாம். அழகு உணர்ச்சிக்கும் அதில் பங்குண்டு. அடிப்படையில் இருப்பது சாய்கோடு.

நடுவை விட்டுக்கொடுத்தல்

இப்போது கட்டடத்துக்கு வருவோம். வழக்கமான கோபுரத்தில் மின்தூக்கிகளும் படிக்கட்டுகளும் குழாய்களும் நடுவில் ஒரு தண்டாக நிற்கும், அதைச் சுற்றி அறைகள், அறைகளிலிருந்து வெளிக்காட்சி. ஒயேசியாவில் இந்த ஏற்பாடு செல்லாது. சுற்றிலும் உயரக் கட்டடங்கள் நெருக்கி நிற்பதால் பல அறைகளின் சன்னல் எதிர்க்கட்டடத்தின் அலுவலக மேசைகளைத்தான் பார்த்திருக்கும்.

வோஹா செய்தது தண்டை உடைத்து நான்கு மூலைகளுக்குத் தள்ளியது. நடு காலியானது. அந்தக் காலியிடத்தில் 6, 12, 21ஆம் மாடிகளிலும் உச்சியிலுமாக நான்கு தோட்ட மாடங்கள். ஒவ்வொன்றும் பல மாடி உயரம். மேலுள்ள மாடத்தின் அடித்தளமே கீழுள்ளதற்குக் கூரை. பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று ஊடுருவிப் போகிறது. நம் வீட்டுத் திண்ணையையும் முற்றத்தையும் ஒன்றாகக் கலந்து நூறு மீட்டர் உயரத்தில் தூக்கிவைத்தது போன்ற ஓர் இடம். அலுவலகம் கீழ் அடுக்கில். ஹோட்டல் நடு அடுக்கில். கூடுதல் வசதி கொண்ட அறைகள் மேல் அடுக்கில். ஹோட்டலுக்கு வருபவர் தரையிலிருந்து நேராக 12ஆம் மாடிக்குப் போய்த்தான் பெயர் பதிகிறார். பல அறைகள் நகரத்தைப் பார்க்காமல் தன் கட்டடத்தின் தோட்டத்தையே பார்க்கின்றன.

எனக்கு இந்த வடிவமைப்பில் ஆகச் சிறந்த முடிவாகத் தெரிவது இதுதான், வலை அல்ல. வலையைப் படம்பிடித்துப் பரப்புகிறார்கள். அது எளிதில் கண்ணுக்குப் படுகிறது. ஆனால் குளிரூட்டி இல்லாமலேயே நின்று பேசக்கூடிய, மழை பெய்யும்போது மழைச் சத்தம் கேட்கிற பொது இடங்கள் ஒரு வெப்பமண்டல ஹோட்டலுக்குள் கிடைத்தது தண்டை நகர்த்தியதால்தான். மூலைகளில் அமைந்த தண்டுகள் வெயிலையும் தடுக்கின்றன.

கொடியும் கொழுகொம்பும்

வலைக்குப் பின்னால் உள்ள ஏற்பாடு கவனமானது. தரையில் நட்ட கொடி 27 மாடி ஏறாது. ஏறினாலும் கீழ்ப்பகுதி இலையுதிர்ந்து வெறும் தண்டாகிவிடும். ஆகவே மாடிதோறும் தொட்டிகள். மொத்தம் 1,800 அளவுக்குத் தொட்டிகள் வலையின் உட்புறத்தில் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கொடிக்கும் வேலை ஒரு மாடி, ஒன்றரை மாடி உயரம் மட்டுமே. கண்ணாடிச் சுவருக்கும் வலைக்கும் இடையே குறுகிய நடைபாதை ஓடுகிறது. தோட்டக்காரர் அதில் நடந்துபோய் எந்தத் தொட்டியையும் கையால் தொட முடியும். வெளியிலிருந்து கயிற்றில் தொங்கிக் கவாத்து செய்ய வேண்டிய தேவையைப் பெருமளவு இது குறைக்கிறது. பசுமைச் சுவர்கள் சில ஆண்டுகளில் காய்ந்துபோவதற்கு அடிக்கடி காரணம் தொட்டி எட்டாத இடத்தில் இருப்பதுதான்.

கொடிகள் 21 வகை. மாடங்களில் உள்ள மற்றச் செடிகளையும் மரங்களையும் சேர்த்தால் ஐம்பதுக்கு மேல். ஏன் இத்தனை வகை? சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கிறது. அங்கே சூரியன் ஏறத்தாழ அரையாண்டு வடக்கு முகத்தையும் அரையாண்டு தெற்கு முகத்தையும் பார்க்கும். கிழக்கும் மேற்கும் ஆண்டு முழுவதும் சுடும். பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழும் மூலை ஒன்று, காற்று சுழித்து அடிக்கும் மூலை இன்னொன்று. ஒரே கொடியை எல்லாப் பக்கமும் விட்டிருந்தால் பாதி கருகியிருக்கும், பாதி வெளுத்திருக்கும். பல வகைகளைக் கலந்துவிட்டு, எந்த இடத்தில் எது வெல்கிறதோ அது அங்கே நிலைக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். வேலியில் பிரண்டையும் கோவையும் சங்குப்பூவும் போட்டி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய தத்துவம் அல்ல.

வலைக்குச் சிவப்பு நிறம் பூசியதிலும் ஒரு முன்யோசனை தெரிகிறது. கொடி ஒருபோதும் சமமாகப் படராது. சாம்பல் வலையாக இருந்தால் கொடி இல்லாத இடம் செத்த இடமாகத் தெரியும். சிவப்பு வலையில் கொடி இல்லாத இடம் பூத்த இடம்போலத் தோன்றுகிறது. பச்சைக்கு எதிர்நிறமாகவும் நிற்கிறது. வெறுமையை மறைக்க இதைவிட மலிவான வழி இல்லை என்றே நினைக்கிறேன்.

வேலை என்று பார்த்தால் கொடி செய்வது இரண்டு. கண்ணாடியில் வெயில் படுமுன் இலையில் பட்டுவிடுகிறது. இலை நீராவியை விடும்போது சுற்றுக்காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கண்ணாடிக் கோபுரங்கள் வெயிலைத் திருப்பித் தெருவில் கொட்டுவதுபோல இது கொட்டுவதில்லை. பறவைகளும் பூச்சிகளும் வருகின்றன. ஒரு தொட்டிச் செடி வரிசையில் அணில் ஓடுவதைப் பார்க்க ஹோட்டல் விருந்தினர் காசு கொடுக்கிறார் என்பது வேடிக்கைதான்.

1,100 என்ற எண்

இந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்லும் எண் ஒன்று உண்டு: மனைப் பரப்பில் சுமார் 1,100 விழுக்காடு பசுமை. மனையைப்போல் பதினொரு மடங்கு. 25,000 சதுர மீட்டருக்கு மேல். கட்டடத்தின் தளப்பரப்பைவிட இது அதிகம். பசுமையே இல்லாத பக்கத்துக் கட்டடங்கள் பத்தின் குறையை இது ஒன்றே ஈடுசெய்கிறது என்பது வடிவமைத்தவர்களின் வாதம்.

இந்த எண்ணைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். வலையில் கொடி படர்வதற்கு ஒதுக்கிய பரப்பு முழுவதையும் பசுமையாக எடுத்துக்கொண்டால்தான் இவ்வளவு பெரிய தொகை வரும். அந்தக் கொடியின் இலை ஓரடுக்கு. தூங்குமூஞ்சி மரத்தின் கீழே நின்று மேலே பார்த்தால் இலைமேல் இலை. இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ள வேறொரு முறை சிங்கப்பூரிலேயே உண்டு. 2003இல் ஓங் பூன் லே என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் முன்வைத்தது அது: பரப்பை மட்டும் அளக்காமல், அந்தப் பரப்பின்மேல் எத்தனை அடுக்கு இலை இருக்கிறது என்று பார்ப்பது. அந்த முறையில் புல்தரைக்கு 2, அடர்ந்த புதர்ச்செடிக்கு 4.5, மரத்துக்கு இலையடர்த்தியைப் பொறுத்து 2.5 முதல் 4வரை மதிப்பு தருகிறார்கள். கட்டடங்களுக்கான பசுமைச் சான்றிதழிலும் இது புகுந்தது. இரு முறைகளுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர் என்பதால் செய்திகளில் ஒன்றை மற்றதென்று எழுதிவிடுகிறார்கள். பதினொரு மடங்கு என்பது பரப்பின் கணக்கு, இலையின் கணக்கு அல்ல.

பத்துக் கட்டடங்களுக்கு ஈடு என்ற வாதமும் எனக்கு ஒப்பவில்லை. எதிர்வீட்டில் மரம் இருக்கிறது என்பதற்காக என் வாசலில் நிழல் விழுவதில்லை. வணிக வட்டாரத்தில் நண்பகலில் சாப்பாட்டுக்கு நடந்து போகிறவருக்கு வேண்டியது தலைக்கு மேல் ஒரு கிளை. பத்தாவது மாடிக் கொடி அவருக்குக் கண்ணுக்கு இதம் தரும், வெயிலைத் தடுக்காது. மாடங்களில் உட்காரும் உரிமையும் விருந்தினருக்கும் அங்கே வேலை செய்பவருக்கும்தான். நகரத்துக்குக் கிடைப்பது காட்சி.

இதே வட்டாரத்தில் வேறு தேர்வுகள் செய்த கட்டடங்களும் உண்டு. ஹாங் லிம் பூங்காவுக்கு எதிரே 2013இல் வோஹாவே வடிவமைத்த பார்க்ராயல் ஹோட்டலில் 15,000 சதுர மீட்டர் பசுமை வயல் வரப்புபோல வளைந்து வளைந்து தெருவை நோக்கி வழிகிறது; அது பூங்காவோடு சேர்ந்து நிற்பதால் நடப்பவருக்கும் பங்கு கிடைக்கிறது. மார்க்கெட் ஸ்திரீட்டில் 2021இல் எழுந்த கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரம் 280 மீட்டர் உயரம். தரையிலிருந்து 100 மீட்டர் உயரத்தில் நான்கு மாடிக்குச் சுழன்றேறும் திறந்த தோட்டம் வைத்து, வார நாட்களில் குறித்த நேரத்தில் பொதுமக்கள் ஏறிப் பார்க்க விட்டிருக்கிறார்கள். 80,000 செடிகள் என்கிறார்கள். அந்தத் தெருவுக்குத் தமிழர் கதை ஒன்று உண்டு. நகரத்தார் கிட்டங்கிகள் இருந்த தெரு அது. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டகமும் சாய்வு மேசையும் வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடந்தது. 1970களின் நகரச் சீரமைப்பில் அவை இடிந்தன; வட்டாரமே வங்கிகளின் கோட்டையாயிற்று. ஒரு பெட்டகம் வைக்கும் இடத்துக்கு வாடகை எண்ணிய தெருவில் இப்போது நான்கு மாடியைச் செடிக்கு விட்டிருக்கிறார்கள். இங்கேயும் காரணம் தளப்பரப்புக் கணக்குத்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது

ஒரு கட்டடத்தைத் திறந்த ஆண்டில் ஆராய்வது எளிது. ஒயேசியாவைப் போன்ற தோட்டத்துக்கு உண்மையான கேள்விகள் பிறகுதான் தொடங்குகின்றன.

முதலாவது எடை. நனைந்த தோட்டமண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னைத் தாண்டும். அதனால் மாடித் தொட்டிகளில் எடை குறைந்த மண்கலவைதான் போடுகிறார்கள். எடை குறைந்த கலவை ஈரத்தையும் சத்தையும் அதிகநாள் பிடித்துவைக்காது. ஆகவே சொட்டுநீர்க் குழாய் வழியே உரத்தையும் கரைத்து அனுப்ப வேண்டும். ஒரு குழாய் அடைத்தால், வெயில் மாதத்தில் அந்தத் தொட்டிக்குச் சில நாட்கள் கெடு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் செடி தாகத்தால் சாவது விநோதமாகத் தோன்றும். ஆனால் நெட்டுக்குத்தான சுவரில் மழை எல்லாத் தொட்டிக்கும் விழுவதில்லை.

இரண்டாவது, அதற்கு எதிர்மாறானது. நீர் தேங்கக் கூடாது. டெங்கு கொசு வளர்ந்தால் கட்டட உரிமையாளருக்கு அபராதம் விழும் நாடு அது. ஆயிரத்து எண்ணூறு தொட்டி என்றால் ஆயிரத்து எண்ணூறு வடிதுளை. இலைச்சருகு அடைத்துக்கொள்ளாமல் யாராவது பார்க்க வேண்டும்.

மூன்றாவது காலம். மண்கலவை ஆண்டுகள் போகப்போக இறுகி அமிழும். வேர் தொட்டியை நிறைத்துவிடும். மரம் தரையில் நின்றால் வயது ஏற ஏற அதன் மதிப்பு கூடுகிறது. தொட்டியில் நிற்கும் கொடிக்கு வயது ஏறினால் அதைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைக்க வேண்டியிருக்கிறது. மாடங்களின் அடியில் உள்ள நீர்த்தடுப்புப் படலமும் என்றைக்காவது மாற்றப்பட வேண்டியது. அன்று அதற்கு மேலுள்ள தோட்டம் முழுவதும் இறங்கி ஏற வேண்டும். தேசியப் பூங்காக் கழகம் 2009 முதல் பழைய கட்டடங்களில் மாடித்தோட்டம் அமைக்கும் செலவில் பாதிவரை தந்து ஊக்குவித்தது. அமைக்கும் செலவில் பாதி. வளர்க்கும் செலவு உரிமையாளருடையது.

அந்தச் செலவின் பெரும்பகுதி கூலி. சிங்கப்பூரின் தோட்டப் பராமரிப்பு வேலையில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போனவர்கள் ஏராளம். கண்ணாடிச் சுவருக்கும் சிவப்பு வலைக்கும் இடையே செல்லும் அந்த நடைபாதையில், ஒரு பக்கம் குளிரூட்டிய அறையும் மறுபக்கம் எதிர்க்கட்டடத்தின் வெயிலுமாக, கவாத்துக் கத்தரியும் சாக்குப்பையுமாக ஒருவர் நடக்கிறார். காய்ந்த தண்டை வெட்டி, வலையை விட்டு விலகி ஆடும் நுனியைக் கண்ணியில் நுழைத்துவிட்டு, துளையில் அடைத்த சருகை விரலால் நோண்டி எடுத்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போகிறார்.